பாதியாக வெட்டக் கேட்ட பாரசீகக் கம்பளம்

கத்தரிக்கோல் கதிரையில் தயாராக இருந்தது. தையற்காரர் வைத்திருக்கும் பெரிய கறுப்புப் பிடிக் கத்தரிக்கோல். பக்கத்தில் அளவுநாடாவும் ஒரு துண்டு வெள்ளைச் சோக்கும். நிலத்தில் கம்பளம் விரித்திருந்தது. யன்னலால் வந்த வெயில் அதன் ஒரு மூலையில் மட்டும் விழுந்து, அந்த மூலையின் நீலம் கிணற்றின் ஆழத்து நீலமாக இருந்தது.

"அக்கா, எவடத்திலை வெட்டினால் நூல் பிரியாமல் இருக்கும்?" என்று சரோ கேட்டாள்.

லண்டனில் பாதி ஆயுளைக் கம்பளம் திருத்தும் கடையொன்றின் பின்னறையில் கழித்தவள் நான். இது எத்தனை வயது, அசலா போலியா, பூச்சி தின்ற இடத்தை அடைக்கலாமா என்று கேட்டவர்களுக்குக் கணக்கில்லை. வெட்ட இடம் காட்டச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. எனக்கு வாயில் சொல் வரவில்லை. அது எனக்கு எவ்வளவு அபூர்வம் என்பது இத்தனை கிழமையாக இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

போன கிழமை லண்டன் வாடகை அறையின் குளிரைப் பற்றி எழுதியிருந்தேன். "அம்மா, விறைக்குது, எங்களை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கூட்டிவந்துவிட்டேன். வல்வெட்டித்துறை, மத்தியான வெயில், கடல் காற்றில் உப்பு. போதுமா?

கிணற்றுக்கே பங்கு போடுகிறவர்கள்

சரோ என் தங்கையோடு ஒன்றாகப் படித்தவள். அவளுடைய அப்பா கப்பலில் வேலை செய்தவர். அவர் காலமாகி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்திருந்தது. தம்பி ரஞ்சன் ரொறன்ரோவிலிருந்து செத்தவீட்டுக்கு வந்தவன், மறுநாள் விடியக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வெளிக்கிட வேண்டும். அதனால்தான் எனக்கு அவசரமாகத் தொலைபேசி எடுத்தார்கள். நான் சுன்னாகத்திலிருந்து ஓட்டோ பிடித்து, வழி முழுக்க அந்தப் பெடியன் போட்ட பாட்டுக்கு ஏசிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

வெட்டுவது பேராசையால் அல்ல, அதைச் சொல்லிவிட வேண்டும். பேராசைக்காரராக இருந்திருந்தால் நான் இரண்டு ஏச்சு ஏசிவிட்டு வந்திருப்பேன். அப்பா கடைசி நாள்களில், நினைவு வந்து வந்து போகும்போது, "கம்பளம் ரெண்டு பேருக்கும்" என்று சொல்லியிருக்கிறார். சரோ தம்பியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். அவன் அக்காவை வைத்திருக்கச் சொன்னான். ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தே சண்டை வந்துவிட்டது. கடைசியில், அப்பா சொன்னபடி செய்வோம், ஆளுக்குப் பாதி என்று முடிவெடுத்தார்கள்.

எங்கள் ஆக்களைப் பற்றி என்ன சொல்ல? கிணற்றுக்கே பங்கு எழுதி உறுதி முடிக்கிறவர்கள் நாங்கள். ஒரு பனைமரத்துக்கு இரண்டு உரிமைக்காரர் இருக்கிற ஊர். நிலத்தில் கிடக்கிற ஒரு துணியை நேர் பாதியாக வெட்டுவதில் என்ன குறை என்று அவர்கள் நினைத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஆச்சரியப்படாமலும் ஆத்திரப்பட முடியும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

"முதலில் நான் அதைப் பார்க்க வேண்டும்" என்றேன். பார்க்க என்ன இருக்கிறது என்பது போல ரஞ்சன் சிரித்தான். கொழும்பு மாமா ஒருவர் ஒருகாலம் வந்து பார்த்துவிட்டு இது மெசினில் செய்தது என்று சொல்லிப் போனாராம். அப்பா அதற்கு ஒன்றும் பேசவில்லையாம். அசல் என்றால் யோசிக்கலாம், இல்லாவிட்டால் வெட்டிவிடலாம் என்றான் ரஞ்சன்.

ஆக, அந்தக் கம்பளத்தின் உயிர் என் கையில் இருந்தது. அறையின் கோடியில், சாய்மனைக் கதிரையில், சரோவின் அம்மா முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

முகம் வேண்டாம், முதுகு

கம்பளம் பார்க்கிற வேலைக்கு நான் போனது கம்பளத்தின் மேல் ஆசைப்பட்டு அல்ல. பஸ் தரிப்புக்குப் பக்கத்தில் இருந்த கடை அது. முதலாளி பரீ, இஸ்பஹான்காரி, வயதில் எனக்கு இளையவள், வாயில் எனக்கு மூத்தவள். நாங்கள் இருவரும் கதைத்துக்கொண்டால் தெருவில் போகிறவர்கள் பொலிசைக் கூப்பிடலாமா என்று எட்டிப் பார்ப்பார்கள். அவள் எனக்குச் சொன்ன முதல் பேச்சு, கம்பளத்தின் முகத்தைப் பார்த்து மயங்கினால் இன்றைக்கே வீட்டுக்குப் போய்விடு என்பது. முகம் பொய் சொல்லும். தேயிலைச் சாயத்தில் தோய்த்துப் பழசாக்குவார்கள். வெயிலில் போட்டு வெளிறவைப்பார்கள். தெருவில் விரித்துக் கார் ஓடவிட்டுத் தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். முதுகுக்கு வேஷம் போடுவது கடினம்.

ஊருக்கு வந்த புதிதில் இதையெல்லாம் நான் வாயை மூடிக்கொண்டு வைத்திருந்திருக்க வேண்டும். அளவெட்டியில் ஒரு அண்ணை, மகன் டுபாயில் இருந்து கொண்டுவந்த பாரசீகக் கம்பளம் என்று காட்டினார். புரட்டிப் பார்த்தேன். முதுகு முழுக்கப் பசை பூசி, வலைத்துணி ஒட்டியிருந்தது. குஞ்சம் தனியாகத் தைத்திருந்தது. சொன்னேன். அந்த அண்ணை இன்றைக்கும் கோயில் திருவிழாவில் என்னைக் கண்டால் தவில்காரரைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

சரோவின் வீட்டில் முட்டுக்காலில் இருந்து ஒரு ஓரத்தைப் புரட்டினேன். சுன்னாகம் சந்தையில் வெங்காயத்தின் கழுத்தைப் பெருவிரலால் அமத்திப் பார்ப்போமே, அந்தக் கைதான் இதற்கும் வேண்டும். முதலில் குஞ்சம். அசல் கம்பளத்தில் குஞ்சம் அலங்காரம் அல்ல, எலும்பு. தறியில் நீளமாகக் கட்டிய பாவு நூல்தான் இரண்டு முனையிலும் குஞ்சமாக வெளியே வருகிறது. இதில் அப்படித்தான் வந்தது. ஒரு இழையைப் பிடித்து உள்ளே போகிற வழியை விரலால் தொடர்ந்தேன். அது நேராக உடம்புக்குள் போய் மறைந்தது.

பிறகு முதுகு. முகத்தில் இருந்த பூ அத்தனையும் முதுகிலும் அதே தெளிவோடு இருந்தது. ஒவ்வொரு முடிச்சும் ஒரு கடுகு. நகத்தால் தடவினேன். அரிசி களையும்போது விரலில் படுகிற அந்தச் சிறு கரகரப்பு. கையால் கட்டியது. ஒன்று கொஞ்சம் பெரிது, அடுத்தது கொஞ்சம் சரிவு. மெசினுக்கு இப்படிப் பிழைவிடத் தெரியாது.

"இது கையால் செய்தது" என்றேன். ரஞ்சன் பக்கத்தில் வந்து குந்தினான்.

வயதைக் கேட்டார்கள். முகத்துக்குத் திரும்பி, கறுப்புக் கோடுகளைக் காட்டினேன். பூவுக்கும் இலைக்கும் கரை கட்டியிருந்த கறுப்பு மட்டும் பள்ளமாக இருந்தது, மற்ற நிறங்கள் மேலே நின்றன. அந்தக் காலத்தில் கறுப்புச் சாயத்துக்கு இரும்பு சேர்ப்பார்கள். இரும்பு கம்பளி மயிரை மெல்ல மெல்லத் தின்னும். ஒரு தலைமுறையில் தெரியாது, இரண்டாவதிலும் அவ்வளவாகத் தெரியாது. இந்த அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் நூறு வயதுக்குக் குறையாது. சரோவின் விரலைப் பிடித்து அந்தப் பள்ளத்தில் ஓடவிட்டேன். அவள் கையை எடுக்கவில்லை.

நீலத்தையும் காட்டினேன். மேல்பாதி நீலம் ஒரு இடத்தில் குறுக்காக ஒரு பொட்டு வெளிறி, பிறகு திரும்பவும் கறுத்தது. சாயப்பானை முடிந்து அடுத்த பானை வைத்த இடம் அது. யாரோ ஒருத்தி, பெயர் தெரியாதவள், அந்த இடத்துக்கு வந்தபோது தன் நூல் முடிந்ததைக் கண்டிருக்கிறாள். நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு வீட்டில் நூல் முடிந்த செய்தி வல்வெட்டித்துறையில் என் முட்டுக்காலுக்கு முன்னால் கிடந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருடம் பார்த்தும் இந்த இடத்தில் எனக்கு இன்னும் அப்படித்தான் வருகிறது, வெட்கமாகவும் இல்லை.

ஈர லேஞ்சி

கடைசிச் சோதனை சாயம். முகம் துடைக்கிற என் வெள்ளை லேஞ்சியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, நீலத்தில் அமத்தித் தேய்த்தேன். வெள்ளையாகவே வந்தது. ஓரத்துச் சிவப்பில் தேய்த்தேன். வெள்ளை. வேரில் காய்ச்சிய சிவப்பு அது, லேசில் விட்டுக்கொடுக்காது. நடுவில் இருந்த பெரிய சிவப்புப் பூவில் தேய்த்தேன்.

லேஞ்சியில் ரோசாநிறம் வந்தது.

திரும்பத் தேய்த்தேன். அதேதான். இரண்டு விரல் மேலே தள்ளித் தேய்த்தேன், ஒன்றும் இல்லை. கீழே தள்ளித் தேய்த்தேன், ஒன்றும் இல்லை. பழைய இடத்தில் இடமும் வலமுமாகக் கொண்டுபோனேன். சிவப்பு வருகிற இடமெல்லாம் ஒரே நேர்கோட்டில் வந்தது. கம்பளத்தின் நடுவே, குறுக்காக, ஒரு கரையிலிருந்து மறுகரை வரை, ஒரு விரல் அகலத்துக்கு ஓடியது அது.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பூ குறையாமல் பூவாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினேன். அந்தக் கோட்டில் மயிர் கொஞ்சம் விறைப்பு.

"இதை ஏற்கெனவே ஒருக்கால் வெட்டியிருக்கிறார்கள்" என்றேன். "வெட்டி, திரும்பப் பொருத்தியிருக்கிறார்கள்."

என் வாய் எனக்கு எதிரி என்று பரீ சொல்லுவாள். ரஞ்சனுக்கு முகம் தெளிந்துவிட்டது. அவன் கூடாதவன் அல்ல, விடிய வெளிக்கிட வேண்டியவன். ஏற்கெனவே வெட்டின இடம் என்றால் அதிலேயே வெட்டலாமே, பழைய வேலைக்கு ஒரு கேடும் இல்லையே என்றான். நியாயமான பேச்சுத்தான். சரோவும் தலையாட்டினாள். அவன் சோக்கை எடுத்து, நான் லேஞ்சி ஓட்டிய வழியில் கோடு போடக் குனிந்தான்.

"சோக்கை வை" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லியிருப்பேன். அவன் வைத்துவிட்டான்.

மூன்று பேருமாகக் கம்பளத்தை முழுதாகக் குப்புறப் புரட்டினோம். கனம் சொல்லி மாளாது. யன்னலை அகலத் திறக்கச் சொல்லி, கண்ணாடியை மாற்றிக்கொண்டு, அந்த இடத்தில் மூக்கு முட்டக் குனிந்தேன். பரீயின் கடையில் வெட்டுப்பட்ட கம்பளங்களைப் பொருத்தியிருக்கிறேன். ஒரு சாண் வெட்டுக்கே கழுத்து ஒடிந்துவிடும். அறுந்த ஒவ்வொரு பாவு நூலுக்கும் புது இழை கொடுத்து, அதன் முனையை ஊசியால் பழைய முடிச்சுகளுக்கு நடுவே மேலும் கீழும் ஓட்டிப் புதைக்க வேண்டும். எத்தனை இழை, அத்தனை தரம். அதற்குப் பிறகுதான் முடிச்சே தொடங்கும். இங்கே அது ஒரு சாண் அல்ல. முழு அகலம்.

புது இழை நான் நினைத்த நூல் இல்லை. முறுக்கேறிய பருத்தி. மணந்து பார்த்தால் ஒன்றும் மணக்கவில்லை, ஆனால் முறுக்கைக் கண்டதும் தெரிந்தது. நைலோன் வருமுன் மீன்வலை கட்டிய நூல்.

முடிச்சைப் பார்த்தேன். பாரசீக முடிச்சில் நூல் ஒரு இழையைச் சுற்றி, பக்கத்து இழைக்குப் பின்னால் போய் வெளியே வந்துவிடும், அவ்வளவுதான். தன்னைத் தானே பூட்டாது. பக்கத்தில் நெருக்கி நிற்கிற முடிச்சுகளின் பலத்தில்தான் நிற்கும். இந்த ஒரு விரல் அகலத்தில் இருந்த முடிச்சு வேறு. சுற்றி, தன் வாலையே கவ்வி, இறுகியிருந்தது.

"இது பிழை" என்றேன், எனக்கே சொல்வது போல. "முடிச்சு அத்தனையும் பிழை. இது கம்பளம் கட்டுகிற ஆளே இல்லை. இது வலை முடிச்சு."

சரோ குனிந்து பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள்.

"அப்பா" என்றாள்.

கொடிக்கயிறு, ஆட்டுக்கயிறு, கொசுவலை, பள்ளிக்கூடப் பைக்கு அறுந்த வார், அந்த வீட்டில் எதை முடிந்தாலும் அவர் இப்படித்தான் முடிவாராம். அவிழ்க்க முடியாமல் அவள் சின்ன வயதில் அழுதிருக்கிறாளாம். ரஞ்சனும் குனிந்தான். அப்பா ஊசி பிடித்ததையே தான் கண்டதில்லை என்றான்.

முருங்கையிலை

"அப்ப நீங்கள் பிறக்கேல்லை."

அம்மாதான் கதைத்தார். சுளகு மடியில் இருந்தது, கை நின்றிருந்தது.

"நான்தான் வெட்டினனான்" என்றார்.

பிறகு அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரி எனக்கு எழுத வராது. குரல் மாறாமல், எந்தப் பஸ் எங்கே நிற்கும் என்று சொல்வது போலச் சொன்னார். சரோவுக்கு முன்னால் ஒரு ஆண்பிள்ளை பிறந்தது. பிள்ளைகளுக்கு அது தெரியும், படம் இல்லை, அதனால் அதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. அப்பா அதன் முகத்தைப் பார்க்கவில்லை. கப்பலில் இருந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து, இரண்டு நாளில் போய்விட்டது. தந்தி அவரை எந்தத் துறைமுகத்தில் தேடிப் பிடித்ததோ தெரியாது. அவர் வந்து சேர்ந்தபோது எல்லாச் சடங்கும் முடிந்துவிட்டது. வந்தவர் தோளில் இந்தக் கம்பளத்தைச் சுமந்துகொண்டு வந்தார். தந்தி கிடைக்குமுன்னே, பிள்ளை தவழுகிறதுக்கு என்று பாரசீகத் துறைமுகமொன்றில் வாங்கியது. வேறெங்கும் வைத்துவிட்டு வர அவருக்குத் தோன்றவில்லை.

"வாசலிலை வைச்சுப்போட்டு என்ன செய்யிறதெண்டு தெரியாமல் நிண்டார். நான் குசினிக்குள்ளை போய்க் கத்தியை எடுத்தனான். மீன் வெட்டுற பெரிய கத்தி. அவர் என்னைப் பிடிக்கேல்லை. ஒரு சொல்லுச் சொல்லேல்லை. நான் வெட்டி முடியுமட்டும் பாத்துக்கொண்டு நிண்டார்."

கம்பளம் இரண்டு துண்டாகக் கனநாள் மாட்டுக்கொட்டிலில் கிடந்ததாம். ஒருநாள் அவர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து விறாந்தையில் விரித்து, வலை பொத்துகிற ஊசியோடு இருந்தார். அந்த ஊசி பெரிதாகப் போய்விட, குடைக்கம்பியில் ஒன்றைத் தேய்த்துத் தேய்த்துச் செய்துகொண்டார். நீலத்துக்குத் தன் கப்பல் சுவெற்றரை இழை இழையாக உலைத்தார். சிவப்புக்குக் கொழும்பிலிருந்து கம்பளி நூல் வரப்பண்ணினார். மாரி தொடங்கி, மாரி முடிந்து, வெயில் ஏறும்வரை இருந்தார். கப்பலில் இருந்து கடிதம் வந்தது. இன்னொன்றும் வந்தது. அவர் போகவில்லை. சுவெற்றரை உலைத்த அன்றைக்கே அவர் இனிக் கப்பலுக்குப் போகமாட்டார் என்று தனக்கு விளங்கிவிட்டது என்றார் அம்மா, இந்த ஊர் வெக்கையில் இருக்கப்போகிற மனுசனுக்குச் சுவெற்றர் எதற்கு.

"முடிச்ச அண்டைக்கு நான் அதிலை போய் இருந்தனான்" என்றார். "அவ்வளவுதான். ரெண்டு பேரும் அதைப்பற்றிப் பிறகு கதைக்கேல்லை."

நான் அந்த விரல் அகலக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய வீடுகளில், பெரிய மனிதர்களின் சுவர்களில் தொங்கியதையெல்லாம் நான் புரட்டியிருக்கிறேன். அரண்மனைக்கு என்று நெய்ததை ஒருமுறை தொட்டிருக்கிறேன், கையுறை போட்டுக்கொண்டு. அப்போதெல்லாம் வியந்தேன்தான். ஆனால் வேலை முடிந்த பிறகும் எழும்பாமல் முட்டுக்காலிலேயே இருந்தது வல்வெட்டித்துறையில், அந்த நிலத்தில் மட்டும்தான்.

ரஞ்சன் கத்தரிக்கோலை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்துச் சாத்தினான். சரோ அளவுநாடாவைச் சுருட்டினாள். கம்பளம் இஞ்சையே கிடக்கட்டும், நான் ஒவ்வொரு வருசமும் வந்து அதிலை படுக்கிறன் என்று அவன் அக்காவிடம் சொன்னான். சரோ சரி என்றாள். இரண்டு பேருக்கும் என்று அப்பா சொன்னது அதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குப் பட்டது, ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை.

நாங்கள் கம்பளத்தை நிமிர்த்தி விரித்தோம். நான் கொண்டுவந்த ஊசிப்பெட்டியைத் திறக்காமலே பைக்குள் போட்டுக்கொண்டு வெளிக்கிடும்போது அம்மா கூப்பிட்டார்.

"பிள்ளை, முடிச்சு பிழை எண்டு சொன்னாய். அவ்வளவும் பிழையோ?"

தொழில்காரிக்குப் பொய் சொல்ல வராது. வந்தாலும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டேன்.

"ஓம் அம்மா. ஒண்டுகூடச் சரியில்லை. ஆனால் ஒண்டும் கழண்டுபோகேல்லை."

அவர் சுளகைத் திரும்ப மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"தெரியும்" என்றார். "இத்தினை வருசமும் வீடு கூட்டேக்கையெல்லாம் ஒவ்வொண்டாய் இழுத்துப் பாத்தனான்."